ஆகாயப் பிரயாணமும் இருதயநோயாளரும்

இருதயநோயுடைய ஒருவர் ஆகாய விமானத்திற் பிரயாணஞ் செய்யலாமா என்னும் வினா முன்னொரு காலத்தில் மிகச் சிலரையே தொட்டது. கடல்கடந்து செல்வோர் கப்பலேறிச் சென்ற அக்காலத்தில் அவர்களிற் பலர் உயர்கல்வி நாடிய இளைஞராகவோ உத்தியோகம் வகித்த நடுவயதினராகவோ இருந்தனர். இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் குடும்பமாய் வாழ, ஊரில் இருக்கும் பெற்றோர் மகளின் பிரசவத்துக்கும் பேரனின் திருமணத்துக்கும் விமானம் ஏறுகின்றனர். அவர்களுட் பலர் முதன்முறை விமானம் ஏறும் வயது அறுபதை அடுத்தது. இருதயநோய் பெரும்பாலும் தலைகாட்டும் வயதும் அதுவே.

இவ்விடத்தில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. மாரடைப்பு ஒருமுறை வந்துவிட்டது, இனி ஆகாயத்திற் பறப்பது ஆகாது என்று அஞ்சிப் போகக்கூடியவர் போகாது நின்றுவிடுதல் ஒன்று. நோயைச் சொன்னால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று கருதி, போகக்கூடாத வேளையில் அதனை மறைத்துப் போதல் மற்றொன்று. முன்னையது மனக்குறையோடு முடியும். பின்னையது உயிரோடு விளையாடுவது. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே. விமானத்தின் உள்ளே உடலுக்கு நேர்வது யாது என்பது தெளிவாக அறியப்படாமையே அக்காரணமாம்.

பூமியைச் சூழ்ந்துள்ள வளிக்குப் பாரம் உண்டு. மேலே செல்லச்செல்ல அப்பாரம் குறையும். இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டிய பரிசோதனை 1648ஆம் ஆண்டு செப்தெம்பர் 19ஆந் திகதி பிரான்சிலே நடந்தது. பஸ்கால் என்னும் அறிஞர் தம் மைத்துனராகிய பெரியே என்பவரிடம், இரசம் நிரப்பிய கண்ணாடிக்குழாயைப் புயி-டி-டோம் என்னும் மலையுச்சிக்குக் கொண்டுசெல்லுமாறு பணித்திருந்தார். அடிவாரத்தில் நின்ற இரசமட்டத்திலும் உச்சியில் நின்ற மட்டம் மூன்று அங்குலத்துக்கு மேலாகத் தாழ்ந்திருந்தது. அந்தக் குறைவே இன்று விமானமேறும் ஒவ்வொருவரது சுவாசத்தையும் பற்றிய பிரச்சினைக்கு அடிப்படை. வளியில் ஒட்சிசனின் விகிதம் மலையுச்சியிலும் கடற்கரையிலும் ஒன்றே. ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. குறைவது விகிதமன்று, அமுக்கம். அமுக்கம் குறையவே, சுவாசப்பையிலிருந்து குருதிக்குள் ஒட்சிசனை உந்திச்செலுத்தும் வலு குறைகின்றது.

அக்குறைவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதையும் பிரான்சு தேசத்தாரே பெருவிலை கொடுத்து அறிந்தனர். 1875ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆந் திகதி செனித் என்னும் பெயருடைய வாயுக்கூண்டில் திசாந்தியே, சிவெல், குரொசே-ஸ்பினெல்லி என்னும் மூவர் ஏறிச் சென்றனர். 8,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை அக்கூண்டு எட்டியது. ஒட்சிசன் நிரப்பிய பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவற்றின் குழாயை வாயில் வைக்கும் வலிமை கைகளுக்கு இல்லாது போயிற்று. மூவரும் நினைவிழந்தனர், மீண்டவர் திசாந்தியே ஒருவரே. ஒட்சிசன் குறைவு வலியையோ அச்சத்தையோ தந்து எச்சரிப்பதில்லை. மயக்கத்தைத் தந்து அமைதியாகக் கொல்லும். இவர்களுக்கு முன்னரே ஆலோசனை கூறியிருந்த போல் பேர் என்னும் உடற்றொழிலியல் அறிஞர், உயரத்தால் வரும் துன்பங்களுக்கு ஒட்சிசனின் அமுக்கக் குறைவே காரணமென 1878இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார்.

இக்காலத்து விமானங்கள் 35,000 அடி உயரத்திற் சாதாரணமாகப் பறக்கின்றன. அங்கே வெளியிலுள்ள வளியமுக்கம் கடல்மட்ட அமுக்கத்தின் நாலிலொரு பங்கிற்கும் குறைவு. வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் ஐம்பது பாகைக்கு மேற்பட்டது. அவ்வளியில் மனிதன் சில நிமிடங்களும் உணர்வோடு இருத்தல் இயலாது. ஆகவே விமானத்தின் உடல் காற்றடைத்த கலம்போல் ஆக்கப்பட்டுள்ளது. இயந்திரங்களின் வழியாக வளி நெருக்கப்பட்டு உள்ளே செலுத்தப்பட, பின்புறத்திலுள்ள ஒரு வாயில் அளவாகத் திறந்தும் மூடியும் மிகுதியை வெளியே விடுகின்றது. இவ்வாறு அமுக்கங்கூட்டிய அறையோடு பிரயாணிகளை ஏற்றிச்சென்ற முதல் விமானமாகிய போயிங் ஸ்றற்றோலைனர் 1940இற் சேவைக்கு வந்தது.

அங்ஙனமாயின் உள்ளே கடல்மட்ட அமுக்கத்தையே வைத்திருக்கலாகாதோ எனின், அதற்கு விடை கொமெற் விமானத்தின் வரலாற்றில் உள்ளது. உலகின் முதலாவது தாரைப் பிரயாண விமானமாகிய கொமெற் 1952ஆம் ஆண்டு மே மாதத்திற் சேவையைத் தொடங்கியது. 1954 சனவரியிலும் ஏப்பிரிலும் இத்தாலியை அடுத்த கடலின்மேல் இரண்டு கொமெற் விமானங்கள் வானிலேயே சிதறின. பின்னர் இங்கிலாந்திலே பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்தார் முழு விமானமொன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். ஒவ்வொரு பறப்பிலும் ஊதியும் தளர்ந்தும் வந்த உலோகம் களைத்து வெடித்தமை அதனால் வெளிப்பட்டது. உள்ளமுக்கத்துக்கும் வெளியமுக்கத்துக்கும் உள்ள வேறுபாடு கூடக்கூட விமானத்தின் உடல் தாங்கவேண்டிய சுமையும் கூடும்; அதனைத் தாங்குமாறு செய்தால் பாரமும் கூடும். எனவே ஓர் இணக்கம் செய்யப்பட்டது. சாதாரண பறப்பில் உள்ளறையின் அமுக்கம் 8,000 அடி உயரத்திலுள்ள அமுக்கத்திலும் குறையலாகாது என்பது அவ்விணக்கம். விமானங்களை அமைப்போருக்கு விதியாகவும் அது உள்ளது. 2011இற் சேவைக்கு வந்த போயிங் 787, 2015இல் வந்த எயர்பஸ் 350 ஆகியன இவ்வெல்லையை 6,000 அடியளவுக்குத் தாழ்த்தியுள்ளன.

இவ்வுயரங்கள் இலங்கையருக்கு அந்நியமானவை அல்ல. நுவரெலியா நகரம் 6,100 அடிக்குச் சற்று மேலே உள்ளது. சிவனொளிபாத மலையின் உச்சி 7,359 அடி. தீவின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகாலை 8,281 அடி. ஆகவே கட்டுநாயக்காவில் விமானமேறிய ஒருவர், அரைமணி நேரத்துள் நுவரெலியாவுக்கும் பீதுருதாலகாலையின் உச்சிக்கும் இடைப்பட்ட ஓரிடத்திற் கொண்டுபோய் இருத்தப்படுகின்றார் எனக் கொள்ளலாம். இருதயநோயாளர் ஒருவர் சிவனொளிபாத மலையை நடந்து ஏறலாமா என்று கேட்டால் எவரும் தயங்குவர். ஆனால் கேள்வி அதுவன்று. ஏறும் உழைப்பு சிறிதுமின்றி அவ்வுச்சியில் ஒரு நாற்காலியிற் பதினொரு மணிநேரம் சும்மா இருக்கலாமா என்பதே கேள்வி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலேதான் இப்பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

கடல்மட்டத்தில் வளியமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். 8,000 அடியில் 565. ஒட்சிசனின் பங்கு அமுக்கமும் அதே விகிதத்தில் 160இலிருந்து 118 அளவுக்கு இறங்கும். நாலிலொரு பங்கு இழக்கப்பட்டது. கடற்கரையில் நின்றுகொண்டு 21 வீதம் ஒட்சிசனுள்ள வளிக்குப் பதிலாக 15 வீதம் மட்டுமுள்ள வளியைச் சுவாசிப்பதற்கு இது ஒப்பாகும். ஆயினும் குருதியிற் சேரும் ஒட்சிசன் நாலிலொரு பங்கு குறைந்துவிடுவதில்லை. செங்குருதித் துணிக்கைகளிலுள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளின் இயல்பு விசித்திரமானது. அமுக்கம் ஓரளவு குறையும்வரை அது தன் பிடியைத் தளர்த்துவதில்லை. அவ்வெல்லை கடந்தபின்னரே விரைவாக இழக்கத் தொடங்கும். எனவே நலமுடையாரின் ஈமோகுளோபினில் ஒட்சிசன் நிறைவு 97 வீதத்திலிருந்து 90க்கும் 93க்கும் இடைப்பட்ட அளவுக்கே இறங்கும். பிரயாணி அதனை உணர்வதும் இல்லை. ஆனால் நெடுநாட் புகைத்தலாற் சுவாசப்பை கெட்டவர், குருதிச்சோகையுடையவர் முதலியோர் நிலத்திலேயே அந்த எல்லைக்கு அருகில் நிற்பவர். அவர்களுக்குச் சிறு இறக்கமும் பெருவீழ்ச்சியாகலாம்.

இச்சிறு குறைவுக்கு இருதயம் செய்யும் பரிகாரம் யாது? நாடித்துடிப்பு சற்று மிகும். துடிப்பு மிகுந்தால் இருதயத்தசைக்கு வேண்டும் ஒட்சிசனும் மிகும். உடலின் ஏனைய தசைகள் ஓய்வில் இருக்கும்போது தம்மிடம் வரும் குருதியிலுள்ள ஒட்சிசனிற் சிறுபங்கையே எடுத்து, மிகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தேவை வந்தால் அம்மிகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இருதயத்தசையோ தன்னிடம் வருவதிற் பெரும்பகுதியை எப்போதும் எடுத்துக்கொள்கின்றது. அதற்குச் சேமிப்பு இல்லை. தேவை மிகும்போது அதற்குள்ள வழி ஒன்றே. தன்னைப் போஷிக்கும் முடியுரு நாடிகளை விரித்துக் கூடிய குருதியைப் பெறுதல். நலமுடைய நாடிகள் எளிதில் விரியும். கொழுப்புப் படிந்து ஒடுங்கிய நாடியோ விரிய இயலாது. ஒடுக்கம் மிகுந்தவர்க்கு நிலத்திலே பாரந்தூக்கும்போது வரும் நெஞ்சுவலி, உயரத்தில் அதனிலும் குறைந்த உழைப்பிலேயே வந்துவிடும். இன்னுமொன்று உண்டு. ஒட்சிசன் குறையும்போது உடலின் ஏனைய நாடிகள் விரிய, சுவாசப்பையின் நாடிகள் மட்டும் சுருங்கும். அதனால் இருதயத்தின் வலப்பாகம் கூடிய எதிர்ப்புக்கு எதிராகத் தொழிற்படவேண்டியதாகின்றது. சுவாசப்பை நாடிகளில் அமுக்கம் ஏற்கெனவே மிகுந்தவர்க்கும், இருதயத்தின் வலப்பாகம் தளர்ந்தவர்க்கும் ஆபத்து இவ்வழியால் வரும்.

எனவே நோயின் பெயரைக்கொண்டு தீர்ப்புக் கூறுதல் ஆகாது. இருதயத்துக்கு இன்னும் எவ்வளவு வலுக் கையிருப்பில் உள்ளது என்பதே அளக்கற்பாலது. இதற்கு வைத்தியர் கையாளும் எளிய அளவுகோல் ஒன்றுண்டு. ஐம்பது மீற்றர் தூரத்தைச் சாதாரண வேகத்தில் நடந்தோ, ஒரு மாடிக்குரிய படிகளை ஏறியோ, மூச்சு வாங்காமலும் நெஞ்சு நோகாமலும் நிற்கக்கூடியவர் பெரும்பாலும் விமானத்திலுள்ள உயரத்தைத் தாங்குவர். ஐயத்துக்குரியோரை 15 வீத ஒட்சிசனுள்ள வளியை இருபது நிமிடம் சுவாசிக்கச்செய்து சோதிக்கும் முறையும் பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. விமானமேறாமலே விமானத்தில் இருத்திப் பார்க்கும் சோதனை அது.

மாரடைப்பின்பின் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்பது பலரும் வினாவுவது. முற்காலத்தில் மாதக்கணக்காக நிலத்திலேயே இருக்குமாறு கூறினர். பிரித்தானிய இருதயவியற் சங்கத்தார் 2010இல் வெளியிட்ட வழிகாட்டல் அக்கடுமையைப் பெரிதும் தளர்த்தியது. அறுபத்தைந்து வயதுக்குட்பட்டவராய், முதன்முறை மாரடைப்பு வந்தவராய், அடைத்த நாடி வெற்றியாகத் திறக்கப்பட்டவராய், இருதயத்தின் இறைக்கும் வலு கெடாதவராய், வேறு சிக்கலோ மேற்கொண்டு செய்யவேண்டிய சிகிச்சையோ இல்லாதவராய் இருப்பின், மூன்று நாளின்பின்னரே அவர் பறக்கலாம் என்கின்றது அது. இடைத்தரத்தினர்க்குப் பத்து நாள். இருதயம் தளர்ந்து மூச்சு முட்டும் நிலையிலுள்ளவரும், மேலும் நாடிச் சிகிச்சையை எதிர்பார்த்திருப்பவரும் நாளெண்ணுதல் வேண்டா. நிலைமை சீராகும்வரை பறத்தல் ஆகாது. முன்கூட்டித் திட்டமிட்டு ஸ்டென்ற் வைத்து, சிக்கலெதுவும் நேராதவர்க்கு இரண்டு நாள் போதும். ஓய்விலிருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், அல்லது வலி அண்மையில் அடிக்கடி வரத்தொடங்கியவர், எத்தனை மாதம் கழிந்திருந்தாலும் வைத்தியரைக் காணாது ஏறலாகாது. மருந்தினாற் கட்டுப்பட்டிருக்கும் இரத்த அழுத்தம் தடையன்று.

நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் சத்திரசிகிச்சையின்பின் காத்திருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அமுக்கம் குறையின் வாயுவின் கனவளவு கூடும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த போயிலின் விதி. விமானம் மேலெழும்போது உடலில் அகப்பட்டுள்ள வாயு அதன் கனவளவின் மூன்றிலொரு பங்குக்குமேல் விரியும். சத்திரசிகிச்சையின்போது நெஞ்சறைக்குள் எஞ்சிய வளி உறிஞ்சப்படுவதற்குச் சில நாட்கள் செல்லும். அதற்குமுன் பறந்தால் அது விரிந்து சுவாசப்பையையும் இருதயத்தையும் நெருக்கும். ஆதலாற் சிக்கலற்றவரும் பத்து நாளுக்குக் குறையாமற் காத்திருத்தல் வேண்டும். பேஸ்மேக்கர் என்னும் இருதய முடுக்கி வைக்கப்பட்டவர்க்கு இரண்டு நாள்; ஆனால் அதனை வைக்கும்போது சுவாசப்பையைச் சூழ வளி புகுந்திருந்தால், அது முற்றாக நீங்கி இரண்டு கிழமை செல்லவேண்டும். விமான நிலையத்துச் சோதனை வாயில் அக்கருவியைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. வழக்கமான நடையில் அதனைக் கடந்துசென்றால் தீங்கில்லை. அங்கே நின்று சாய்தல் ஆகாது, கையிற் பிடிக்கும் சோதனைக்கோலைக் கருவிக்கு நேரே பிடித்திருக்க விடுதலும் ஆகாது. கருவியின் அடையாள அட்டையைக் காட்டினாற் கையாற் சோதிப்பர்.

இருதயத் தளர்ச்சியுடையோர் தனியே கவனிக்கப்படவேண்டியவர். நோய் சீராயிருந்து நடமாட்டத்திற் சிறு சிரமமே உடையவர்க்குத் தடையில்லை. சிறிது நடந்தாலே மூச்சு வாங்குபவர்க்கு விமான நிலையத்திற் சக்கர நாற்காலியும், வேண்டின் பறக்கும்போது ஒட்சிசனும் ஒழுங்குசெய்தல் நலம். படுக்கையிலும் மூச்சு முட்டுபவர் ஒட்சிசனும் மருத்துவத் துணையுமின்றிப் பறக்கலாகாது. இந்நோயாளரிடம் காணப்படும் ஒரு வழக்கம் பெருந்தீங்கு விளைப்பது. சிறுநீரைப் பெருக்கும் குளிகையை உட்கொண்டால் விமானத்தில் அடிக்கடி எழுந்து போகவேண்டியிருக்கும் என்று வெட்கி, பிரயாண நாளன்று அதனை விட்டுவிடுகின்றனர். வழியில் உண்ணும் உப்புமிகு உணவும் அதனோடு சேர, உடலிலே நீர் தேங்கி, போய்ச்சேர்ந்த மறுநாள் வைத்தியசாலையைத் தேடவேண்டியதாகின்றது. நடைக்கு அருகிலுள்ள ஆசனத்தை முன்னரே கேட்டுப் பெறுவது எவ்வளவோ மேல். விமானத்தின் வளி மிக உலர்ந்தது, ஆகவே தண்ணீரை நிறையக் குடிக்கவேண்டும் என்ற பொது அறிவுரையும் இவர்களுக்குப் பொருந்தாது. வைத்தியர் அளவு விதித்திருப்பின் ஆகாயத்திலும் அவ்வளவே அளவு.

ஆகாயத்தைப்பற்றி இவ்வளவு கூறியபின் நிலத்தைப்பற்றியும் கூறவேண்டும். பெரும்பாலார்க்கு இருதயம் அதிகம் உழைப்பது நாற்காலியில் இருக்கும்போதன்று, விமான நிலையத்திலே. நள்ளிரவுப் புறப்பாடு, யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா வரையான நெடுவழி, உறக்கமின்மை, பிரியும் வேளைக் கண்ணீர், மகளுக்கென்று கட்டிய மிளகாய்த்தூளும் பினாட்டும் நிறைந்த பெட்டிகள், இடைத்தங்கும் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைப் பிடிக்க அரைக்கட்டை தூரம் விரைந்து நடத்தல்: ஒடுங்கிய நாடியுடையவர்க்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரு மலையேற்றமே. நடக்கத் தெரிந்தவர் சக்கர நாற்காலியில் இருப்பது கௌரவக்குறைவு என்று சில முதியோர் மறுக்கின்றனர். அந்நாற்காலி கால்களுக்கன்று, இருதயத்துக்கு என்று எடுத்துச்சொன்னால் ஏற்றுக்கொள்வர்.

மருந்துகள் கைப்பையில் இருத்தல் வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்த மருந்து, நெஞ்சு நோகும் வேளையில் இல்லாத மருந்தாகும். பெட்டி வழிதவறினால் சில நாளைக்கும் இல்லாத மருந்தாகும். நாவின்கீழ் வைக்கும் குளிகையோ விசிறும் மருந்தோ சட்டைப்பையிலேயே இருப்பது சிறந்தது. அது எங்கே உள்ளதென்று அருகில் இருப்பவரும் அறிந்திருக்கவேண்டும். மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய வைத்தியர் கடிதமும், அண்மையில் எடுத்த ஈ.சி.ஜி. படத்தின் பிரதியும் உடன் இருப்பின், வழியில் நேரும் எந்த நெஞ்சுவலியிலும் புதியது எது, பழையது எது என்று வேற்றுநாட்டு வைத்தியர் அறிய உதவும். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணிநேரத்துக்குக் குறையாத வேறுபாடு உண்டு. மருந்தை எந்த நேரப்படி உட்கொள்வதென்பதைப் புறப்படுமுன் கேட்டு எழுதிக்கொள்ளாதவர், இருவேளை மருந்தை ஒருவேளையிலோ, ஒருவேளை மருந்தை மறந்தோ விடுவர்.

இனி மறைத்தல் என்னும் பிழை. விமானக் கம்பனிகளிடம் மருத்துவத் தகவற் படிவம் ஒன்று உண்டு. அண்மையில் நோயுற்றோர், சத்திரசிகிச்சை செய்துகொண்டோர், பறக்கும்போது ஒட்சிசன் வேண்டுவோர் ஆகியோருக்காக வைத்தியர் அதனை நிரப்புவர். கம்பனியின் வைத்திய அதிகாரி அதனைப் பார்த்து முடிவு செய்வர். அதனைத் தண்டனைப்பத்திரம்போற் கருதிப் பலர் ஒளிக்கின்றனர். அதன் நோக்கம் தடுப்பதினும் ஒழுங்குசெய்வதே. ஒட்சிசனை முன்னறிவித்தலின்றி வாயிலில் நின்று கேட்டுப் பெறமுடியாது. வீட்டிலுள்ள ஒட்சிசன் உருளையைத் தாமே கொண்டுசெல்லவும் பொதுவாக விடமாட்டார்கள். மின்கலத்தால் இயங்கும் சிறு ஒட்சிசன் கருவிகளுட் சிலவற்றை முன்னனுமதியோடு கொண்டுசெல்லலாம். சொல்லாதவர்க்கு இவையொன்றும் கிடையா. மறைத்துச் சென்றவர்க்கு நடுக்கடலின்மேல் நெஞ்சடைத்தால், அவரது நோயின் வரலாறு அங்குள்ள ஒருவருக்கும் தெரியாது. வைத்தியச் செலவுக் காப்புறுதியும் உண்மை மறைக்கப்பட்டதென்ற காரணத்தால் மறுக்கப்படலாம். வேற்றுநாட்டு வைத்தியசாலையிற் கழியும் சில நாட்களின் செலவு பிள்ளைகளை ஆண்டுக்கணக்கிற் கடனாளியாக்க வல்லது.

அவ்வாறு நேர்வது எவ்வளவு அரிது என்பதையும் கூறுதல் நியாயம். ஐந்து விமானக் கம்பனிகளின் பறப்புகளில் 2008 சனவரி முதல் 2010 ஒக்தோபர் வரை நிகழ்ந்த 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்தோர், 604 பறப்புகளுக்கு ஒரு வீதமே அவை நிகழ்ந்தன என்று 2013இல் வெளியிட்டனர். அவற்றுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை மயக்கமும் தலைச்சுற்றுமே. இருதய சம்பந்தமான குறிகள் 7.7 வீதம், இருதயம் நின்றுபோதல் 0.3 வீதம். ஆனால் அந்த 0.3 வீதத்துக்கும் இன்று ஒரு பரிகாரம் விமானத்திலேயே உண்டு. தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் நேராக்கும் தானியங்கிக் கருவியை குவாண்டாஸ் கம்பனி 1991இலும் அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1997இலும் விமானங்களில் வைத்தன. பின்னைய கம்பனியில் 1999 வரை இக்கருவி 200 பேரிற் பயன்பட்டது. மின்னதிர்ச்சி பெற்றோருள் நூற்றுக்கு நாற்பது வீதத்தினர் வைத்தியசாலையிலிருந்து உயிரோடு வீடு திரும்பினர். நகரத் தெருவில் இருதயம் நின்று விழுந்தவர்க்கு அத்தகைய நற்பேறு எளிதிற் கிட்டுவதில்லை. 2004 ஏப்பிரில் முதல் அமெரிக்க நாட்டின் பெரிய பிரயாண விமானங்களில் இக்கருவி கட்டாயமாயிற்று.

ஆகாயத்தின் உயரத்தாலன்றி, நாற்காலியின் ஒடுக்கத்தால் வரும் ஓர் ஆபத்து எஞ்சியுள்ளது. 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் மக்கள் நிலவறைகளிற் சாய்வு நாற்காலிகளில் இரவுகளைக் கழித்தபோது, திடீர் மரணங்கள் சில நேர்ந்தன. அசையாதிருந்த காலின் நாளங்களிற் குருதி உறைந்து, அக்கட்டி மேலேறிச் சுவாசப்பையை அடைத்தமையே காரணமென சிம்சன் என்னும் வைத்தியர் கண்டார். 1954இல் போஸ்ரன் நகரச் சத்திரவைத்தியரான ஹோமன்ஸ், பதினான்கு மணிநேரம் விமானத்தில் இருந்தபின் இவ்வாறே கால்நாளத்திற் குருதி உறைந்த ஒருவரைப்பற்றி எழுதினார். மலிவான ஆசனத்தின் பெயரால் இந்நோயை அழைக்கும் வழக்கம் பிழையானது. உயர்ந்த ஆசனத்தில் அசையாதிருப்பவர்க்கும், பேருந்தில் நெடுந்தூரம் போகின்றவர்க்கும் இது வரும். நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம் இவ்வாபத்தை ஏறக்குறைய இருமடங்காக்கும் என்றும், ஆயினும் நலமுடையோரில் 6,000 பேரில் ஒருவருக்கே அது நேரும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. இருதயத் தளர்ச்சியுடையோர், அண்மையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர், முன்பு குருதிக்கட்டி வந்தோர் ஆகியோர்க்கு ஆபத்து அதனினும் கூடியது. மணிக்கொருமுறை எழுந்து நடத்தலும், இருந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்டலும் செலவில்லாத காப்பு. வைத்தியர் சொன்னால் இறுக்கமான காலுறையும் அணியலாம். காலின் நாடிகளில் அடைப்புள்ளவர்க்கு மட்டும் அது ஆகாது. ஆஸ்பிரின் ஒன்றை விழுங்கிவிட்டாற் போதுமென்று பலர் நம்புகின்றனர். இருதயத்துக்கென ஏற்கெனவே விதிக்கப்பட்டவர் அதனைத் தொடரவேண்டுவதே; காலின் நாளத்தை அதுகொண்டு காக்கலாம் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை.

இக்கட்டி விமானத்திலேயே தோன்றவேண்டும் என்பதில்லை. பிரயாணத்தின்பின் சில கிழமைகள்வரை அது வரக்கூடும். மகளின் வீட்டிற்குப் போய்ச்சேர்ந்த பத்தாம் நாள் ஒரு கால் மட்டும் வீங்கி நோகுமாயின், அல்லது காரணமின்றி மூச்சு முட்டுமாயின், அங்குள்ள வைத்தியரிடம் செல்லும்போது முதலிற் சொல்லவேண்டியது, தாம் எந்த நாளில் எத்தனை மணிநேரம் பறந்து வந்தவர் என்பதே.